பழைய ஃபிலிம் கேமராவில் எந்த மீட்டரை நம்புவது?

வீட்டு அலமாரியிலிருந்தோ பழைய பொருள் கடையிலிருந்தோ ஒரு மேனுவல் ஃபிலிம் கேமரா கைக்கு வந்துவிடுகிறது. பேட்டரி போட்டால் வியூஃபைண்டருக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் ஊசி ஆடுகிறது. அது சொல்வதை நம்பி ரோல் போடலாமா, போனில் ஒரு ஆப் இறக்கிக்கொள்ளலாமா, தனியாக லைட் மீட்டர் வாங்கத்தான் வேண்டுமா, இல்லை வெயிலையும் நிழலையும் பார்த்தே கணக்குப் போடும், பழைய ஆட்கள் சொல்லும் ‘சன்னி 16’ விதி போதுமா? இந்த இடத்தில் வந்து நின்றுவிடுபவர்கள் நிறையப் பேர். தயங்குவதில் நியாயமும் இருக்கிறது. ஒரு கலர் ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் எடுத்து முடிப்பதற்குள் ஆயிரம் ரூபாய் தாண்டிவிடுகிறது. 36 படம் என்றால் ஒரு தடவை ஷட்டரை அழுத்த 30 ரூபாய்.

என் கருத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் உயிரோடு இருந்தால் அதைத்தான் முதலில் பழக வேண்டும். அது தவறாகக் காட்டினால்கூடப் பெரிதில்லை. எப்போதும் ஒரே அளவில் தவறுகிறதா என்பதுதான் கேள்வி. மற்ற மூன்றும் அதற்குத் துணை, சில சூழ்நிலைகளில் மட்டும் அதற்கு மாற்று.

## எதை வைத்து எடை போடுவது

‘எது துல்லியம்’ என்று மட்டும் பார்த்தால் விலை கூடிய மீட்டர்தான் ஜெயிக்கும். ஆனால் படம் எடுக்கும்போது வேறு சில விஷயங்கள் அதைவிட முக்கியமாகிவிடுகின்றன.

பிழை எந்தப் பக்கம் சாய்கிறது? வெளிச்சம் இரண்டு மடங்காவதோ பாதியாவதோ ஒரு ஸ்டாப். கோடக் கோல்டு 200, அல்ட்ராமேக்ஸ் 400 போன்ற கலர் நெகட்டிவ் ஃபிலிம்களில் இரண்டு ஸ்டாப் கூடுதலாக வெளிச்சம் விழுந்தாலும் லேப்காரர் சமாளித்துவிடுவார். ஒரு ஸ்டாப் குறைந்தால் நிழல் பகுதிகளில் விவரம் போய், கிரெய்ன் (ஃபிலிமின் பொடிப் புள்ளிகள்) தூக்கலாகத் தெரியும். கருப்பு-வெள்ளையிலும், இல்ஃபோர்டு எச்பி5 போன்றவற்றில், கதை ஏறக்குறைய இதேதான். கழுவியதும் நெகட்டிவாக இல்லாமல் நேரடிப் படமாகவே வரும் ஸ்லைடு ஃபிலிமில் எல்லாம் தலைகீழ். எக்டாக்ரோம் இ100-இலோ வெல்வியா 50-இலோ அரை ஸ்டாப் கூடினாலே வெளிச்சமான பகுதிகள் வெளுத்துவிடும், திரும்ப வராது. ஆகவே ‘ஒரு ஸ்டாப் தவறு’ என்பது எந்த ஃபிலிம், எந்தத் திசை என்பதைப் பொறுத்து ஒன்றுமில்லாததாகவும் இருக்கலாம், முழு ரோலும் வீணாகவும் இருக்கலாம்.

பிழை நிலையானதா? எப்போதும் ஒரு ஸ்டாப் தப்பாகக் காட்டும் மீட்டரை, ஃபிலிமின் உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ டயலைத் திருப்பிச் சரிக்கட்டிவிடலாம். வெயிலில் சரியாகவும் வீட்டுக்குள் இரண்டு ஸ்டாப் தப்பாகவும் காட்டுவதை ஒன்றும் செய்ய முடியாது.

கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்க வேண்டுமா? குழந்தை, தெரு, திருவிழா என்று ஓடுகிற விஷயங்களை எடுப்பவருக்கு இதுதான் தலையாய அளவுகோல். ஸ்டாண்ட் போட்டு மலையை எடுப்பவருக்கு இது பொருட்டே இல்லை.

எந்த வெளிச்சத்தில் கைவிடும்? தெரியாமல் ஆகும் செலவு என்ன? இவை இரண்டையும் ஒவ்வொரு வழியிலும் தனித்தனியாகப் பார்க்கலாம்.

## முதல் வழி: கேமராவின் சொந்த மீட்டர்

ஒப்பிடத் தொடங்கும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். மேனுவலில் வைத்தால் உங்கள் கேமராவின் மீட்டர் பேசுகிறதா? எல்லா கேமராவும் பேசுவதில்லை. கேனனெட் க்யூஎல்17 ஜிIII போன்ற ரேஞ்ச்ஃபைண்டர்களில் (லென்ஸ் வழியாக அல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்க்கும் கேமராக்கள்) அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துளை அளவை, ஆட்டோவிலிருந்து எடுத்தவுடன் மீட்டர் படுத்துவிடும். யாஷிகா எலக்ட்ரோ 35-இல் மேனுவலே கிடையாது.

பேசுகிற கேமராக்களிலும் பேசும் விதம் வேறு வேறு. பென்டாக்ஸ் கே1000 (1976-இல் வந்தது) எல்லாவற்றிலும் எளிது. வலது ஓரத்தில் ஓர் ஊசி. ஷட்டர் வேகத்தையோ அப்பர்ச்சரையோ திருப்பி அதை நடுவுக்குக் கொண்டுவந்தால் முடிந்தது. நிக்கான் எஃப்எம்2-இல் ஊசிக்குப் பதில் பிளஸ், பூஜ்யம், மைனஸ் என்று மூன்று சிவப்பு விளக்குகள். பிளஸும் பூஜ்யமும் சேர்ந்து எரிந்தால் ஒரு ஸ்டாப்புக்குள் கூடுதல், பிளஸ் மட்டும் எரிந்தால் ஒரு ஸ்டாப்புக்கு மேல். இருட்டில் ஊசியைத் தேடுவதைவிட இது சௌகரியம். நிக்கான் எஃப்ஈ-இல் இரண்டு ஊசிகள்: பச்சை ஊசி நீங்கள் வைத்த வேகத்தையும், கருப்பு ஊசி மீட்டர் கேட்கும் வேகத்தையும் காட்டும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். மேனுவல் பழக இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது.

கேனன் ஏஇ-1-இலும் மினோல்டா எக்ஸ்-700-இலும்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஏஇ-1-ஐ மேனுவலில் வைத்தால் ஊசி ‘இந்த அப்பர்ச்சர் வை’ என்று ஆலோசனை மட்டும் சொல்லும். நீங்கள் லென்ஸில் எதை வைத்திருக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. அப்பர்ச்சர் வளையத்தைத் திருப்பத் திருப்ப ஊசி அசையாமல் இருப்பதைப் பார்த்து மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஊசி சொன்ன எண்ணை நீங்களே லென்ஸில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். எக்ஸ்-700-இல் அதே கதை, அப்பர்ச்சருக்குப் பதில் ஷட்டர் வேகம். இப்படிப்பட்ட கேமரா வைத்திருப்பவர்களுக்கு, கண்ணை எடுக்காமல் சரிசெய்யும் சௌகரியம் பாதிதான் கிடைக்கும்.

### பேட்டரி என்னும் மறைமுகச் செலவு

1960, 70-களின் கேமராக்கள் பலவும் பிஎக்ஸ்625 என்ற 1.35 வோல்ட் பாதரச பேட்டரியை நம்பி வடிவமைக்கப்பட்டவை. ஒலிம்பஸ் ஓஎம்-1 இதற்குப் பேர்போன உதாரணம். பாதரச பேட்டரியின் சிறப்பு, சாகும்வரை அதன் வோல்டேஜ் அப்படியே நிற்கும் என்பது. சுற்றுச்சூழல் காரணமாக 1990-களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதற்குத் தடை வந்தது, இப்போது கிடைப்பதில்லை. அதே அளவில் கடையில் கிடைக்கும் ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட். போட்டால் ஊசி ஆடும். ஆடுகிறதே, சரிதான் என்று விட்டுவிடுவதில்தான் வினை. வோல்டேஜ் கூடினால் ஊசி கூடுதலாகத் தூக்கும், வெளிச்சம் நிறைய இருப்பதாகக் கேமரா நம்பும், நீங்கள் அப்பர்ச்சரைச் சுருக்குவீர்கள், படம் இருட்டும். நெகட்டிவ் ஃபிலிம் எந்தத் திசையில் தாங்காதோ, சரியாக அந்தத் திசை. போதாக்குறைக்கு ஆல்கலைனின் வோல்டேஜ் நாள் போகப் போக இறங்கும், அதனால் பிழையும் நிலையாக நிற்காது.

இதற்குத் தீர்வுகள் உண்டு. காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் துத்தநாக-காற்று பேட்டரி 1.4 வோல்ட், பாதரசத்துக்கு மிக அருகில். விட்டம் சிறியது என்பதால் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தைக் கிழித்து காற்று பட்டதும் அதன் ஆயுள் ஓடத் தொடங்கிவிடும், கேமராவைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தீர்ந்துவிடும். இன்னொரு வழி, எஸ்ஆர்44 சில்வர் ஆக்சைடு பேட்டரியை, வோல்டேஜைக் குறைக்கும் சின்ன அடாப்டரில் வைத்துப் போடுவது. முதலில் காசு ஆகும், அப்புறம் தொல்லையில்லை. மாதம் ஒரு ரோலாவது ஓட்டுபவர் அடாப்டர் வாங்குவதே மேல்.

எல்லாக் கேமராவுக்கும் இந்தத் தலைவலி கிடையாது. கே1000, எஃப்எம்2 இரண்டும் எல்ஆர்44 அல்லது எஸ்ஆர்44-க்கென்றே செய்யப்பட்டவை. ஏஇ-1-க்கு 6 வோல்ட் பேட்டரி. ஆனால் அது தீர்ந்தால் மீட்டர் மட்டுமல்ல, ஷட்டரும் விழாது. கே1000-இலும் எஃப்எம்2-இலும் பேட்டரி செத்தாலும் ஷட்டர் ஓடும். கே1000-இல் மீட்டரை அணைக்க சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டால்தான் அது தூங்கும், மூடி தொலைந்த கேமரா பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும்.

பேட்டரியே இல்லாத செலினியம் மீட்டர்களும் உண்டு. ஜெனிட்-ஈ முகப்பில் தேன்கூடு போலத் தெரிகிற கண்ணாடிப் பட்டை அதுதான். அது லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, ஊசி காட்டும் எண்ணை வளையத்தில் பொருத்திப் படித்து நீங்களே மாற்றிக்கொள்ள வேண்டும். பத்தாண்டுக் கணக்கில் வெளிச்சத்திலும் ஈரத்திலும் கிடந்த செலினியம் வலுவிழந்துபோகும். வெளிச்சத்துக்கு ஊசி அசைகிறது என்பது மட்டும் அது நலம் என்பதற்குச் சாட்சியாகாது.

### நம்பலாமா என்று பார்க்க ஒரு சோதனை

ஃபிலிம் இல்லாமலே செய்யலாம். ஐஎஸ்ஓ டயலை 400-இல் வையுங்கள். மேகமில்லாத வெயிலில், சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க, புல்தரையையோ பழைய தார் ரோட்டையோ ஃபிரேம் முழுக்க நிரப்பிப் பாருங்கள். வானம் உள்ளே வரக் கூடாது. 1/500 நொடியில் எஃப்/16 அப்பர்ச்சரை (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிது) ஒட்டி ஊசி நடுவில் நின்றால் வெயிலில் மீட்டர் சரி. பிறகு அதே நாளில் மரநிழலில் ஒரு இடம், வீட்டுக்குள் ஒரு சுவர், இரண்டையும் போன் ஆப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று இடத்திலும் வித்தியாசம் ஒரே அளவு என்றால் உங்கள் மீட்டர் பிழைத்தது. ஒரு ஸ்டாப் வெளிச்சத்தை அதிகமாகக் காட்டுகிறது என்றால் 400 ஃபிலிமுக்கு டயலை 200-இல் வையுங்கள், அப்புறம் மறந்துவிடுங்கள். வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறினால் அந்த மீட்டரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு விஷயம்: கே1000, ஓஎம்-1 காலத்து மீட்டர்களில் வெளிச்சத்தை உணரும் காட்மியம் சல்பைடு செல்லுக்கு ஞாபகம் உண்டு. சுள்ளென்ற வெயிலைப் பார்த்துவிட்டு உடனே அறைக்குள் வந்தால் கொஞ்ச நேரம் தப்பாகவே சொல்லும். அரை நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். எஃப்எம்2-இன் சிலிக்கான் செல்லில் இந்தக் குறை இல்லை.

### எங்கே காட்டுகிறீர்கள் என்பதுதான் பாதி வேலை

மீட்டர் கெட்டுவிட்டது என்று வரும் புகார்களில் பெரும்பகுதி, மீட்டரை எங்கே காட்டினார்கள் என்பதில் போய் முடியும். மீட்டருக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொள்ளும். வெள்ளை வேட்டி கட்டியவர் வெள்ளைச் சுவர் முன்னால் நின்றால் அதையும் சாம்பலாக்கப் பார்க்கும், முகம் இருட்டிவிடும். அங்கே ஊசி நடுவுக்கு வந்த பிறகு ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் திறக்க வேண்டும். கருப்புக் கோட்டு ஃபிரேமை நிரப்பினால் அதற்கு எதிர்ப்பக்கம், ஒரு ஸ்டாப் மூட வேண்டும். ஜன்னலுக்கு முன்னால் நிற்பவரை அப்படியே அளந்தால் நிழலுருவம்தான் மிஞ்சும்.

மேனுவல் மோடின் பலமே இங்கேதான். ஆட்டோ கேமரா ஒவ்வொரு படத்துக்கும் மனதை மாற்றிக்கொள்ளும். மேனுவலில், முகத்துக்கு அருகில் போய், அல்லது அதே வெளிச்சத்தில் இருக்கும் நடுத்தரமான ஒன்றைப் பார்த்து அளந்து, வேகத்தையும் அப்பர்ச்சரையும் அங்கேயே பூட்டிவிட்டு, திரும்பி வந்து ஃபிரேம் போடலாம். ஊசி இப்போது எங்கே ஓடினாலும் கவலைப்பட வேண்டாம். வெளிச்சம் மாறாதவரை பத்துப் படமும் ஒரே அளவில் வரும். எஃப்எம்2 நடுவட்டத்துக்கு 60 சதவீதம் எடை கொடுக்கிறது, கே1000 ஏறக்குறைய ஃபிரேம் முழுவதையும் பார்க்கிறது. அதனால் கே1000-இல் கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்து வானத்தை வெட்டிவிட்டு அளக்கும் பழக்கம் கட்டாயம் வேண்டும்.

உள்ளங்கையை அளப்பதும் நல்ல வழி. கையை முகத்தில் படும் அதே வெளிச்சத்தில் நீட்டி, ஃபிரேம் நிரப்பி அளக்கலாம். ‘அளந்த பின் ஒரு ஸ்டாப் திற’ என்று புத்தகங்களில் இருப்பது வெளிறிய உள்ளங்கைக்கான கணக்கு. உங்கள் கையை ஒருமுறை சாம்பல் அட்டையோடோ புல்தரையோடோ ஒப்பிட்டு, எவ்வளவு திறக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அது வாழ்நாளுக்கும் போதும்.

லென்ஸ் வழியாக அளக்கும் மீட்டருக்கு இன்னொரு சாதகம் இருக்கிறது. மஞ்சள் ஃபில்டரோ போலரைசரோ மாட்டினால் அது விழுங்கும் வெளிச்சத்தைத் தானே கழித்துக்கொள்ளும். கீழே வரும் மூன்று வழிகளிலும் அந்தக் கணக்கை நீங்கள் போட வேண்டும். ஆழ்ந்த சிவப்பு ஃபில்டர் மட்டும் விதிவிலக்கு. காட்மியம் சல்பைடு செல் சிவப்பைக் கூடுதலாக உணரும் என்பதால், ஃபில்டர் இல்லாமல் அளந்துவிட்டு மூன்று ஸ்டாப் திறப்பது நல்லது.

## இரண்டாம் வழி: சன்னி 16

பேட்டரி வேண்டாம், கருவி வேண்டாம், காசு வேண்டாம். நல்ல வெயிலில், சூரியன் எதிரில் நிற்பவர் முகத்தில் நேராக விழும்போது, அப்பர்ச்சர் எஃப்/16, ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஐஎஸ்ஓவை ஒட்டிய எண். 400 ஃபிலிமுக்கு 1/500, 200 ஃபிலிமுக்கு 1/250. அப்பர்ச்சர் வேண்டியதைப் போல் மாற்றிக்கொள்ளலாம்: எஃப்/16-இல் 1/500 என்பதும் எஃப்/11-இல் 1/1000 என்பதும் ஒன்றே.

பிறகு நிழலைப் பார்க்க வேண்டும். நிழலின் ஓரம் கூர்மையாக இருந்தால் 16. ஓரம் மங்கினால் 11. நிழலே விழவில்லை, ஆனால் வானம் வெளிச்சமாக இருக்கிறது என்றால் 8. கனத்த மேகம் என்றால் 5.6. வெயில் நாளில் கட்டட நிழலுக்குள் நிற்பவருக்கு 4. பக்கவாட்டில் வெயில் விழுந்தால் ஒரு ஸ்டாப், முதுகுக்குப் பின்னாலிருந்து விழுந்தால் இரண்டு ஸ்டாப் திறக்க வேண்டும். கோடக் இந்த அட்டவணையைத்தான் பல காலம் ஃபிலிம் பெட்டியின் உட்புறத்தில் அச்சிட்டு விற்றது.

இதன் பெருமை, எதிரில் இருக்கும் பொருளின் நிறம் இதை ஏமாற்ற முடியாது என்பது. வெள்ளை வேட்டியும் கருப்பு எருமையும் இதற்கு ஒன்றுதான், ஏனென்றால் நீங்கள் அளப்பது சூரியனை. வேகத்திலும் இதை எதுவும் மிஞ்சாது. கேமராவைக் கண்ணருகில் கொண்டுபோகும் முன்பே எல்லாம் வைத்தாகிவிட்டது.

கைவிடும் இடங்களும் தெளிவானவை. காலையில் சூரியன் எழுந்த முதல் ஒரு மணி நேரமும் மாலையில் விழுவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் இந்தக் கணக்கில் அடங்காது. பூமத்திய ரேகையை ஒட்டிய ஊர்களில் அந்தி சட்டென்று இறங்கிவிடும், ஐந்து நிமிஷம் முன்னால் போட்ட கணக்கு இப்போது செல்லாது. வீட்டுக்குள் அனுபவம் இல்லாமல் முயல வேண்டாம். ட்யூப் லைட் அறையில் 400 ஃபிலிமுக்கு 1/60, எஃப்/2 என்று தொடங்கலாம், ஆனால் அறைக்கு அறை இரண்டு ஸ்டாப் மாறும். ஸ்லைடு ஃபிலிமை இதை மட்டும் நம்பிப் போடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

செலவு பூஜ்யம் என்றாலும், பழகும் வரை வீணாகும் படங்கள்தான் இதன் விலை. நெகட்டிவ் ஃபிலிமில், சந்தேகம் வரும்போதெல்லாம் ஒரு ஸ்டாப் திறந்துவிடுவது என்று வைத்துக்கொண்டால் அந்த விலையும் குறைந்துவிடும்.

## மூன்றாம் வழி: போன் ஆப்

இலவசமாகவே பல கிடைக்கின்றன. போனின் கேமரா எதைப் பார்க்கிறதோ அதை அளந்து, ஐஎஸ்ஓ சொன்னால் வேகம்-அப்பர்ச்சர் ஜோடிகளைக் காட்டும். திரையில் தொட்ட இடத்தை மட்டும் அளக்கும் வசதிதான் இதன் உண்மையான பலம். 1970-களின் கேமராக்களில் அபூர்வமாக இருந்த ஸ்பாட் மீட்டர் இப்போது சட்டைப் பையில் இருக்கிறது. மங்கிய வெளிச்சத்திலும் இது பழைய செல்லைவிட நன்றாகவே பார்க்கும். கோயில் மண்டபத்துக்குள் கே1000-இன் ஊசி அசையத் தயங்கும் இடத்தில் போன் ஒரு எண் சொல்லிவிடும்.

குறைகள்: போனின் முதன்மை லென்ஸ் அகலமானது, உங்கள் 50 மிமீ லென்ஸ் பார்ப்பதைவிட நிறைய வானத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆப்பில் இரண்டு மடங்கு ஜூம் செய்து அளப்பது நல்லது. ஒரு போனில் சரியாக இருக்கும் ஆப் இன்னொன்றில் அரை ஸ்டாப், முக்கால் ஸ்டாப் விலகலாம். மேலே சொன்ன வெயில் சோதனையை இதற்கும் ஒருமுறை செய்து, ஆப்பில் திருத்த எண்ணைப் போட்டுவிடுங்கள். சில ஆப்கள் ஆண்ட்ராய்டு போனின் முகப்பில் உள்ள வெளிச்ச சென்சாரை வைத்து, விழும் ஒளியை அளப்பதாகவும் சொல்லும். அந்த சென்சார் திரையின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்க வைத்தது; போனைக் கொஞ்சம் சாய்த்தாலே எண் மாறும். அதை விட்டுவிடுங்கள்.

ஆனால் ஆப்பின் பெரிய விலை நேரம்தான். போனை எடுத்து, திறந்து, ஆப்பைத் திறந்து, காட்டி, படித்து, கேமராவில் வைப்பதற்குள் பாட்டி சிரித்து முடித்துவிடுவார். உச்சி வெயிலில் திரையும் சரியாகத் தெரியாது. அதற்குள் ஒரு வாட்ஸ்ஆப் செய்தி வந்துவிட்டால் படமே போய்விட்டது.

## நான்காம் வழி: தனி லைட் மீட்டர்

இதில் இரண்டு வகை. ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் செருகும் சின்ன மீட்டர் ஒன்று. டிடிஆர்டிசான் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. அது எதிரில் இருப்பதிலிருந்து திரும்பி வரும் ஒளியைத்தான் அளக்கிறது, ஆகவே கேமரா மீட்டரின் எல்லாக் குழப்பங்களும் இதற்கும் உண்டு. மீட்டரே இல்லாத லைக்கா எம்3 போன்ற கேமராவுக்கு இது வரப்பிரசாதம். வேலை செய்யும் மீட்டர் உள்ள கே1000-இன் தலையில் இதை வைப்பது வீண் செலவு.

மற்றது கையில் பிடிக்கும் மீட்டர், செக்கோனிக் எல்-308 போல. இதன் விசேஷம் அந்த வெள்ளைக் குமிழ். படமெடுக்கப்படுபவரின் முகத்தருகில் வைத்து, குமிழைக் கேமரா பக்கம் திருப்பி அளந்தால், அவர்மேல் விழும் ஒளி எவ்வளவு என்று சொல்லும். அவர் என்ன நிறம் உடுத்தியிருக்கிறார் என்பது கணக்கிலேயே வராது. தேவாலயக் கல்யாணத்தில் மணமகள் வெள்ளையிலும் மணமகன் கருப்புக் கோட்டிலும் சேர்ந்து நிற்கும் படத்துக்கு இதைப் போல் நிம்மதி தருவது வேறில்லை. ஸ்டுடியோ ஃபிளாஷையும் இது அளக்கும். கேமரா மீட்டருக்கு அது முடியாது. ஃபிளாஷ் ஷட்டர் திறந்த பிறகுதான் வெடிக்கிறது, மீட்டர் பார்ப்பதோ அதற்கு முந்தைய வெளிச்சத்தை.

போக முடியாத இடத்தில் இந்தக் குமிழ் உதவாது. மேடையில் ஆடுபவரின் முகத்தருகே மீட்டரைக் கொண்டுபோக முடியாது, எதிர்மலையில் வெயிலும் உங்கள் இடத்தில் மேகமும் இருந்தால் அளந்தது வீண். பெலோஸ் (லென்ஸை முன்னே தள்ளும் துருத்தி) மாட்டி நெருக்கப் படம் எடுப்பவர் இழக்கும் வெளிச்சத்தைத் தனியாகக் கூட்ட வேண்டும். புதியதாக வாங்கினால் பல ரோல்களின் விலை ஒரே தடவையில் போய்விடும். வெஸ்டன் மாஸ்டர் போன்ற பழைய செலினியம் மீட்டர்கள் மலிவாகக் கிடைக்கும், பார்க்கவும் அழகு. ஆனால் கேமரா மீட்டர் பழசு என்ற சந்தேகத்தைத் தீர்க்க அதைவிடப் பழைய மீட்டரை வாங்குவதில் என்ன நியாயம் என்று எனக்குப் புரிவதில்லை.

## ஒரே பார்வையில்

| | கேமரா மீட்டர் | சன்னி 16 | போன் ஆப் | கை மீட்டர் |
|---|---|---|---|---|
| வேகம் | கண்ணை எடுக்க வேண்டாம் (ஏஇ-1, எக்ஸ்-700-இல் வேண்டும்) | எல்லாவற்றிலும் வேகம் | மிக மெது | மெது |
| பிழை | பேட்டரி தவறினால் இருட்டும். பெரும்பாலும் டயலால் சரிசெய்யலாம் | மேகத்தைத் தவறாகக் கணித்தால் | போனுக்குப் போன் மாறும். திருத்தலாம் | மிகக் குறைவு |
| வெள்ளை, கருப்பு உடை | ஏமாறும் | ஏமாறாது | ஏமாறும். தொட்டு அளந்தால் குறையும் | குமிழில் ஏமாறாது |
| மங்கிய வெளிச்சம் | பழைய செல் தடுமாறும் | உதவாது | நன்று | நன்று |
| ஃபில்டர் கணக்கு | தானே போடும் | நீங்கள் | நீங்கள் | நீங்கள் |
| மறைமுகச் செலவு | சரியான பேட்டரி, அடாப்டர் | பழகும்வரை வீணாகும் படங்கள் | தவறும் தருணங்கள் | வாங்கும் விலை |

டிஜிட்டல் கேமராவையே மீட்டராகப் பயன்படுத்துபவர்களும் உண்டு. அதே ஐஎஸ்ஓ, வேகம், அப்பர்ச்சர் வைத்து ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஃபிலிமில் எடுப்பார்கள். ஸ்லைடு ஃபிலிமுக்கு இது மிக நல்ல பாதுகாப்பு. மற்றபடி, டிஜிட்டல் கேமராவைச் சுமந்துகொண்டு போய் அதில் மீட்டர் மட்டும் பார்ப்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

## யாருக்கு எது

முதல் ரோல் போடப்போகிறவர், மீட்டர் வேலை செய்யும் கேமரா, கலர் நெகட்டிவ் ஃபிலிம்: கேமரா மீட்டரை வையுங்கள். வெளியில் போகும்போது ஊசியைப் பார்க்கும் முன் சன்னி 16-படி மனதில் ஒரு எண்ணைச் சொல்லிக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரு ஸ்டாப்புக்குள் ஒத்துப்போனால் எடுங்கள். இரண்டு ஸ்டாப் விலகினால் ஒன்று பேட்டரி போய்விட்டது, இல்லை வானத்தை அளந்துவிட்டீர்கள், இல்லை ஐஎஸ்ஓ டயல் போன ரோலின் எண்ணிலேயே நிற்கிறது. மூன்றாவதுதான் அடிக்கடி நடப்பது.

தெருவிலும் திருவிழாவிலும் எடுப்பவர் பகலில் சன்னி 16-ஐ முதன்மையாக வைத்துக்கொண்டு, நிழலுக்குள் நுழையும்போது மட்டும் ஊசியைப் பார்க்கலாம். மீட்டர் இல்லாத ட்வின் லென்ஸ் கேமராவில் 120 ரோல் போட்டு, 12 படத்தை நிதானமாக எடுப்பவருக்குப் போன் ஆப் போதும். அவர் எப்படியும் அவசரப்படப்போவதில்லை. கேமரா மீட்டர் நலமாகவே இருந்தாலும் உருவப்படங்களைத் தொழிலாக எடுப்பவரும், ஸ்டுடியோ ஃபிளாஷ் வைத்திருப்பவரும், ஸ்லைடு ஃபிலிமை விடாமல் போடுபவரும் கை மீட்டர் வாங்குவதில் தவறில்லை.

செத்துப்போன மீட்டரைச் சரிசெய்யலாமா என்றால், முதலில் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். பச்சைப் பூஞ்சை போலப் படிந்திருப்பது பழைய பேட்டரி கசிந்த உப்பு. வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து உலரவிட்டால் பல கேமராக்கள் எழுந்துவிடும். அப்படியும் எழாவிட்டால், உள்ளே வயர் அரித்திருக்கலாம். ஓஎம்-1, எஃப்எம்2 போன்று மெக்கானிக்கல் ஷட்டர் உள்ளவற்றில் மீட்டரை அப்படியே விட்டுவிட்டு ஆப்பையும் சன்னி 16-ஐயும் வைத்து ஓட்டலாம், பழுதுபார்க்கும் காசு மிச்சம். செலினியம் செல் போயிருந்தால் அதை உயிர்ப்பிக்க நடைமுறையில் வழியில்லை.

மெக்கானிக்கிடம் கொடுப்பதாக முடிவு செய்தால், மீட்டரோடு ஷட்டர் வேகத்தையும் அளக்கச் சொல்லுங்கள். எண்ணெய் இறுகிய பழைய ஷட்டரில் 1/1000 என்று எழுதியிருப்பது 1/500-ஆக ஓடுவது சாதாரணம். அது ஒரு முழு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம். நெகட்டிவில் நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். ஸ்லைடு போடுபவர், எந்த மீட்டர் வாங்கியிருந்தாலும், அந்த வேகத்தைத் தொடாமல் இருப்பது நல்லது.